வாய்த்தட்டு

அந்த ஸ்டூடியோவில் அவளை எல்லாரும் 'மேக்கப்' என்றுதான் கூப்பிடுவார்கள். அவள் மேக்கப் போடுவது சாப்பாட்டுக்கு. விளம்பரத்தில் ஆவி பறக்கும் சூப்பைப் பார்த்து உங்களுக்கு என்றைக்காவது எச்சில் ஊறியிருந்தால், அந்த ஆவி கிண்ணத்துக்குப் பின்னால் ஒளித்து வைத்த, சூடாக்கிய ஈரப்பஞ்சிலிருந்து வந்தது என்று தெரிந்துகொள்ளுங்கள். ஐஸ்கிரீம் என்று நீங்கள் நம்பியது மசித்த உருளைக்கிழங்கு. பால் என்று நம்பியது வெள்ளைப் பசை. கீரை அப்போதுதான் பறித்ததுபோல மினுமினுக்க வேண்டுமா, கிளிசரின் கலந்த தண்ணீரைத் தெளித்தால் போதும். "நாம செய்யறது வெளிய தெரிஞ்சா ஊரே காறித் துப்பும்" என்பார் போட்டோக்காரர். சொல்லிவிட்டு உருளைக்கிழங்கின் மேல் விளக்கைத் திருப்புவார்.

இந்தப் பொய்த் தொழிலிலும் ஒரு நேர்மை இருந்தது. படத்துக்கு ஒரு தட்டு, வாய்க்கு ஒரு தட்டு. படத்துத் தட்டில் பசை, எண்ணெய், ஊசி, பஞ்சு என்று என்ன கண்றாவி வேண்டுமானாலும் இருக்கும். கேமரா முன்னால் யாராவது வாயில் வைத்துக் காட்ட வேண்டும் என்றால், அதற்குத் தனியாக ஒரு தட்டு சுத்தமாகத் தயாராகும். அதற்கு வாய்த்தட்டு என்று பெயர். அதைச் செய்வதற்கு முன்னால், சாப்பிடப்போகிறவரைத் தனியே கூப்பிட்டு, "உங்களுக்கு எது ஒத்துக்காது?" என்று அவள் கேட்டாக வேண்டும். உதடு வீங்கி, படப்பிடிப்பு நின்று, எல்லாரும் தலையில் அடித்துக்கொண்ட பழைய அனுபவத்திலிருந்து வந்த வழக்கம் அது. அவர்கள் சொல்வதை அவள் வெளியே மூச்சு விடமாட்டாள். முட்டை விளம்பரத்தில் நடித்தவனுக்கு முட்டையே ஆகாது என்பது இன்றுவரை அவளுக்கும் அவனுக்கும் மட்டும்தான் தெரியும். அப்படிப்பட்ட வாய் அவளுடையது.

அந்த வாயை அவள் ஒரே ஒருத்தர் விஷயத்தில்தான் திறந்தாள். அதைத்தான் சொல்லவந்தேன்.

அவளுக்கு ஒரு தங்கச்சி இருந்தாள். பள்ளிக்கூடத்தில் விளையாட்டு டீச்சர். அவள் சிரித்தால் பக்கத்து வகுப்பு வரைக்கும் கேட்கும். அவளுக்கு லூபஸ் வந்தது. காவலுக்கு வைத்த நாய் வீட்டுக்காரரையே கடிப்பது போன்ற வியாதி; உடம்பின் எதிர்ப்புச் சக்தி உடம்பையே எதிரி என்று நினைத்து மூட்டு, தோல், சிறுநீரகம் என்று கைக்குக் கிடைத்ததையெல்லாம் தாக்கும். மாத்திரை சாப்பிட்டுக்கொண்டே தங்கச்சி வேலைக்குப் போனாள், விசில் ஊதினாள், நன்றாகத்தான் இருந்தாள். மாத்திரையால் முகம் மட்டும் உப்பிவிட்டது. பிள்ளைகள் முதுகுக்குப் பின்னால் 'பன் டீச்சர்' என்றார்கள். அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

அந்த நேரம் பார்த்துக் கைப்பேசியில் கீரையம்மா வந்தாள். பச்சை உடை, பச்சைக் கண்ணாடிக் கிண்ணம், தேன் தடவிய குரல். தனக்கும் இதே வியாதி இருந்ததாம். மாத்திரைகளைக் குப்பையில் போட்டுவிட்டு, பச்சைக் கீரையும் குதிரைமசால் முளையும் மட்டும் தின்று அடியோடு குணமாகிவிட்டாளாம். குதிரைமசால் என்பது மாட்டுக்கும் குதிரைக்கும் போடுகிற தீவனப் பயிர். அதன் விதையை நனைத்து முளைகட்டினால் நூல் நூலாக வரும். "வியாதி வாய் வழியா வந்துச்சு, வாய் வழியாவே போகும்" என்பாள் கீரையம்மா. கேட்பதற்கு நன்றாகத்தான் இருந்தது. தங்கச்சி மயங்கினாள். அம்மா அதைவிட மயங்கினாள். வீட்டில் அடுப்பு அணைந்தது. அம்மா கீரையம்மாவின் முதல் புத்தகத்தைப் பார்த்துக் காலையும் மாலையும் முளையை அளந்து போட்டாள். மாத்திரை டப்பா குப்பைக்குப் போனது.

முகம் வற்றியது உண்மை. கூடவே ஆளும் வற்றினாள். ஒருநாள் அம்மா வெளியே போயிருந்த நேரம், "அக்கா, எனக்கு ஏதாவது சாப்பாடு மாதிரி சாப்பாடு குடேன்" என்று தங்கச்சி கேட்டாள். அக்கா ரொட்டியில் வெண்ணெய் தடவிக் கொடுத்தாள். தங்கச்சி கண்ணை மூடிக்கொண்டு மென்றாள். அவ்வளவுதான் நடந்தது.

அதற்கப்புறம் தங்கச்சிக்குக் கால் வீங்கியது, மூச்சு முட்டியது. ஆஸ்பத்திரியில் சிறுநீரக டாக்டர் தலையில் கை வைத்துக்கொண்டார். "மாத்திரையை ஏன் நிறுத்தினீங்க? சாப்பாடு உதவும், இல்லேங்கல. உப்பைக் குறைக்கணும், நல்லதாச் சாப்பிடணும். ஆனா மாத்திரையோட சேர்த்து. மாத்திரைக்குப் பதிலா இல்ல" என்றார். குதிரைமசால் முளை என்றதும் அவர் குரல் ஏறிவிட்டது. லூபஸ்காரர்கள் தொடவே கூடாதது அது, அடங்கிக் கிடக்கிற வியாதியைச் சிலருக்கு அது தட்டி எழுப்பிவிடும் என்றார். எழுந்த வியாதி தங்கச்சியைக் கொண்டுபோய்விட்டது.

அம்மா டாக்டரை நம்பவில்லை. கீரையம்மாவுக்குப் போன் போட்டு அழுதாள். கீரையம்மா ஒரே ஒரு கேள்வி கேட்டாள்: "சுத்தமா இருந்த உடம்புக்குள்ள யார் எதை விட்டாங்க?" அம்மா வீடு முழுக்க விசாரித்தாள். மூத்தவள் மறைக்கவில்லை, ரொட்டி கொடுத்ததைச் சொன்னாள்.

அன்றோடு அம்மா அவளிடம் பேசுவதை நிறுத்திவிட்டாள். ஒரே வீடு, ஒரே வாசல், ஒரே குளியலறை. அம்மாவுக்கு ஏதாவது சொல்ல வேண்டும் என்றால் குளிர்சாதனப் பெட்டியைப் பார்த்துச் சொல்வாள். "குழாய் ஒழுகுது, ஆள் வரச் சொல்லணும்" என்பாள் அதனிடம். மகள் அங்கேயே நிற்பாள். அவள் கையால் கொடுத்த தண்ணீரைக்கூட அம்மா குடிப்பதில்லை. அழுதுகொண்டே வரும் உறவுக்காரர்களிடம், "மூத்தவ கையாலதான் போனா" என்பாள். மகள் அடுத்த அறையில் இருந்து கேட்பாள். இதைக் கேட்டும் ஒருத்தி எப்படிக் காலையில் எழுந்து உருளைக்கிழங்கு மசிக்கப் போகிறாள் என்று நீங்கள் கேட்கலாம். கோபத்தில்தான் போனாள். கோபம் இல்லாவிட்டால் அவள் என்றைக்கோ படுத்திருப்பாள்.

கீரையம்மாவின் புதுப் புத்தகத்துக்குப் படம் எடுக்கும் வேலை ஸ்டூடியோவுக்கு வந்தபோது, "நான் செய்யறேன்" என்று முதலில் கையைத் தூக்கியது அவள்தான். போட்டோக்காரருக்கு விஷயம் தெரியும். "வேணாம் மேக்கப், வேற ஆள் பார்த்துக்கலாம்" என்றார்.

"இல்ல சார். நானே செய்யறேன். அழகாச் செய்யறேன்."

அந்த 'அழகா'வைக் கேட்டு அவர் கொஞ்சம் பயந்துதான் போனார்.

அவளுக்கு என்னென்னவோ தோன்றியது. கிண்ணத்தில் பேதி மருந்தைக் கலந்துவிடலாமா என்றுகூட யோசித்தாள். கேமரா முன்னால் கீரையம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஓடுவதை நினைத்து, பேருந்தில் தனியாகச் சிரித்தாள். பிறகு அவளுக்கே வெட்கமாகிவிட்டது. தங்கச்சியின் உயிருக்கு ஒரு நாள் வயிற்றுப்போக்கு விலையா? அவளுக்கு அம்மா வேண்டும். ரொட்டி கொல்லவில்லை என்று அம்மாவுக்குத் தெரிய வேண்டும். அதைக் கீரையம்மாவின் வாயிலிருந்தே வரவைக்க வேண்டும். எப்படி என்பதுதான் தெரியவில்லை.

வழியைக் கீரையம்மாவே கையில் கொண்டுவந்து கொடுத்தாள்.

படப்பிடிப்பின் கடைசி நாள். அடுத்து புத்தக வெளியீட்டு விழா. மேடையில் எல்லார் முன்னாலும் அட்டைப்படத்தில் உள்ள முளைக் கிண்ணத்தைக் கீரையம்மா சாப்பிட்டுக் காட்ட வேண்டும்; ஸ்டூடியோவே அதை நேரலையாகப் படம் பிடிக்கும். வழக்கப்படி அவள் கீரையம்மாவை ஒப்பனை அறைக்குக் கூப்பிட்டாள். கிட்டத்தில் பார்க்கும்போது அந்த முகம் அவளுக்கு நன்றாகத் தெரிந்த முகமாக இருந்தது. கன்னத்தின் கீழ்ப்பக்கம் அதே உப்பல். பவுடர் போட்டு நிழல் கொடுத்து மறைத்திருந்தார்கள்.

"மேடம், வாய்த்தட்டு செய்யணும். உங்களுக்கு எது ஒத்துக்காதுன்னு சொல்லிடுங்க."

கீரையம்மா எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தாள். "குதிரைமசால் முளை மட்டும் வேணாம்மா."

"அதுதானே மேடம் அட்டையிலேயே இருக்கு?"

"அட்டையில இருக்கட்டும். என் வாயில வேணாம். கடுகு முளை வெச்சிடு, கேமராவுல ரெண்டும் ஒண்ணுதான்."

"ருசி பிடிக்காதா மேடம்?"

"ருசிக்கு என்ன? எனக்கு ஆகாது. சாப்பிட்டுப் பார்த்திருக்கேன். விரல் மடங்கல, காய்ச்சல் வந்து படுத்துட்டேன். எங்க டாக்டர் கிழிகிழின்னு கிழிச்சிட்டார்."

"எப்போ மேடம் இது?"

"முதல் புத்தகத்துக்கும் முன்னாடி."

முதல் புத்தகத்தை வைத்துத்தான் அம்மா முளை அளந்தாள்.

கீரையம்மா கைப்பையைத் திறந்து ஒரு மாத்திரை அட்டையை எடுத்தாள். தங்கச்சி குப்பையில் போட்ட அதே மாத்திரை. ஒன்றைப் பிதுக்கி வாயில் போட்டுத் தண்ணீர் குடித்துவிட்டு, அவள் முகம் போன போக்கைப் பார்த்துச் சிரித்தாள். "என்னடி அப்படிப் பார்க்கறே? உருளைக்கிழங்கை ஐஸ்கிரீம்னு காட்டறவ நீ. உனக்குத் தெரியாததா? நீயும் நானும் ஒரே தொழில்."

ஒரே தொழிலாம். அவளுடைய பொய் ஐஸ்கிரீமைத் தின்று இதுவரை யாரும் செத்ததில்லை. அதைச் சொல்ல நாக்கு துறுதுறுத்தது. "சரிங்க மேடம்" என்றுமட்டும் சொன்னாள்.

போய் அம்மாவிடம் சொல்லியிருக்கலாமே என்பீர்கள். சொன்னாள். அன்று சாயங்காலமே சொன்னாள். அம்மா குளிர்சாதனப் பெட்டியிடம், "கொன்னதும் இல்லாம இப்போ பெரியவங்க மேல பழி போடறாங்க" என்று சொல்லிவிட்டு விளக்கை அணைத்துக்கொண்டு போய்விட்டாள்.

சரி, அப்படியென்றால் எல்லாரும் பார்க்கட்டும் என்று அவள் முடிவு செய்தாள். விழாவன்று அவள் கடுகு முளை வாங்கவே இல்லை. கிளிசரின் இல்லாத, பசை இல்லாத, சுத்தமான குதிரைமசால் முளையைக் கழுவிக் கிண்ணம் நிறைய வைத்தாள். தொழிலில் முதல் தடவையாக ஒருத்தர் நம்பிச் சொன்னதை மீறினாள். தின்று விரல் மடங்காமல் கிடக்கட்டும், அல்லது தின்னமாட்டேன் என்று ஊர் முன்னால் முழிக்கட்டும். எது நடந்தாலும் அவளுக்குச் சந்தோஷம்தான். அதை மறைப்பானேன், அன்றைக்கு அவளுக்கு ஈவு இரக்கம் எதுவும் இல்லை.

அரங்கம் நிறைந்திருந்தது. பாதிப் பேர் வியாதிக்காரர்கள். கைத்தடி, கையுறை, தொப்பி என்று பார்த்தாலே தெரிந்தது. மேடைக்குப் பின்னால் பெரிய திரையில் கேமரா காட்டுவதெல்லாம் தெரிந்தது. முன்வரிசையில் நடுவில் அம்மா உட்கார்ந்திருந்தாள். அம்மாவைக் கீரையம்மா சாட்சியாகக் கூப்பிட்டிருந்தாள்! "இந்தத் தாய் மகளை இழந்தாங்க. ஆனா நம்பிக்கையை இழக்கல. எங்கே தப்பு நடந்துச்சுன்னு அவங்களுக்குத் தெரியும்" என்று மைக்கில் சொன்னாள். எல்லாரும் கைதட்டினார்கள். அம்மா தலையைக் குனிந்து கும்பிட்டாள். மேடை ஓரத்தில் கிண்ணத்தோடு நின்ற மகளுக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

அவள் கிண்ணத்தைக் கொண்டுபோய் வைத்தாள். கீரையம்மா கரண்டியை எடுத்தாள், கிளறினாள், நின்றாள். பல வருஷம் முளையோடு பிழைத்தவள், இலையைப் பார்த்ததும் கண்டுபிடித்துவிட்டாள்.

"இது எது?" என்று கழுத்து மைக்கைக் கையால் பொத்திக்கொண்டு, உதடு அசையாமல் கேட்டாள்.

"உங்க புத்தகத்துல இருக்கறது."

ஒரு நொடி அந்தப் பவுடர் முகம் வெளிறியது. அவ்வளவுதான். கீரையம்மா அப்படியொன்றும் சாதாரணப்பட்ட ஆள் இல்லை. கிண்ணத்தை இரு கையாலும் தூக்கி, "நான் தினமும்தான் சாப்பிடறேன். இன்னைக்கு இது என் பிள்ளைகளுக்கு" என்று மேடையை விட்டு இறங்கினாள். இரண்டாவது வரிசையில் ஒரு வங்கி ஊழியை, வேலையிலிருந்து நேராக வந்தவள்போல, கழுத்தில் அடையாள அட்டையோடு உட்கார்ந்திருந்தாள். மூக்கின் மேலும் இரு கன்னத்திலும் பவுடருக்கு அடியில் சிவந்த தடிப்பு, லூபஸ்காரர்களுக்கு வருவது. "வா கண்ணு, உனக்குத்தான் முதல் வாய்" என்றாள் கீரையம்மா. அந்தப் பெண் சந்தோஷத்தில் அழுதேவிட்டாள். வாயைத் திறந்தாள்.

மேடை ஓரத்தில் நின்ற மகள் இதைக் கணக்கில் எடுக்கவே இல்லை. பழிவாங்க வைத்த முளை, பாவம், யாரோ ஒருத்தியின் வாய்க்குப் போகிறது. தங்கச்சி வயசு அந்தப் பெண்ணுக்கு. அவள் மேடையிலிருந்து குதித்தாள். ஓடிப்போய்க் கரண்டியைத் தட்டிவிட்டாள். கீரையம்மாவின் கையிலிருந்து கிண்ணத்தைப் பிடுங்கினாள்.

"சாப்பிடாதே! இது உன் வியாதிக்கு ஆகாது. இந்தம்மாவுக்கும் ஆகாது. 'என் தட்டுல மட்டும் வைக்காதே, கடுகு முளையை மாத்தி வை'ன்னு எங்கிட்ட ரகசியமாச் சொன்னாங்க. இவங்க இன்னும் மாத்திரை போடறாங்க. என் கண்ணால பார்த்தேன்!"

அரங்கமே கொந்தளித்தது. "யார் இவ?" "வெளியே தள்ளுங்க!" யாரோ அவள் தோளைப் பிடித்து இழுத்தார்கள். கீரையம்மா நெஞ்சில் கை வைத்து, "பாவம், மனசு சரியில்லாத பொண்ணு. யாரும் திட்டாதீங்க" என்றாள். அந்தக் கருணையைக் கேட்டுக் கூட்டம் இன்னும் கொதித்தது.

"அது என் பொண்ணு" என்று ஒரு குரல் கேட்டது.

அம்மா எழுந்து வந்தாள். மகளை ஏறிட்டும் பார்க்கவில்லை. அவள் கையிலிருந்த கிண்ணத்தை வாங்கிக்கொண்டு, கீழே விழுந்த கரண்டியை எடுத்துத் தன் உடையில் துடைத்தாள். நேராகக் கீரையம்மாவின் முன்னால் போய் நின்றாள்.

"அம்மா, இவ பேச்சை யாரும் நம்பல. இருந்தாலும் ஒரு வாய் நீங்க சாப்பிட்டுக் காட்டிடுங்க. இவ வாய் இன்னையோட அடங்கிடும்." கரண்டி நிறைய எடுத்து நீட்டினாள். அம்மாவின் முகத்தில் அத்தனை நம்பிக்கை.

"இப்போ வேணாம்மா. வயிறு நிறைஞ்சிருக்கு."

"ஒரே ஒரு வாய்தானே."

"அப்புறம் சாப்பிடறேன்மா. நீங்க உட்காருங்க."

"எனக்காக. செத்துப்போன என் பொண்ணுக்காக." கரண்டி உதட்டைத் தொட்டது. கீரையம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அம்மா கரண்டியை அந்தப் பக்கம் கொண்டுபோனாள். கீரையம்மா இந்தப் பக்கம் திருப்பினாள். உதட்டை உள்ளே மடித்துக் கடித்துக்கொண்டாள். நாலைந்து முளைகள் பச்சை உடையில் விழுந்தன. அவற்றை அவள் புழுவைத் தட்டுவதுபோலப் பதறித் தட்டிவிட்டாள். பெரிய திரையில் எல்லாரும் அதைப் பார்த்தார்கள். கூச்சல் மெல்ல அடங்கியது. வங்கி ஊழியை தன் வாயைக் கையால் பொத்திக்கொண்டாள்.

அம்மா அப்படியே நின்றாள்.

"அவளும் இப்படித்தான் மூஞ்சியைத் திருப்பினா" என்றாள் அம்மா. சத்தமாகச் சொல்லவில்லை. கீரையம்மாவின் கழுத்தில் இருந்த மைக் அதை அரங்கம் முழுக்கக் கொண்டுபோனது. "வேணாம்மா, குமட்டுதும்மான்னு கெஞ்சினா. 'அடம் பிடிச்சா மூக்கைப் பிடிச்சு ஊட்டு'ன்னு நீதான் போன்ல சொன்னே. ஊட்டினேன். ரெண்டு வேளையும் மூக்கைப் பிடிச்சு ஊட்டினேன்."

இது மகளுக்குத் தெரியாது. அவள் வேலைக்குப் போயிருந்த நேரத்தில் நடந்தது. ரொட்டி ரொட்டி என்று அம்மா ஏன் அத்தனை நாள் அடித்துக்கொண்டாள் என்று அவளுக்கு அப்போதுதான் புரிந்தது. அந்த ரொட்டியை விட்டால் அம்மாவுக்கு மிஞ்சுவது தன் கைதான்.

"வாயைத் திற" என்றாள் அம்மா கீரையம்மாவிடம்.

கீரையம்மா பின்னால் நகர்ந்தாள். மேடையின் சுவர் முதுகில் இடித்தது. அம்மாவின் இடது கை மேலே போய் அவள் மூக்கைப் பிடித்தது.

"கேமராவை நிறுத்துங்க! நிறுத்துங்க!" என்று கீரையம்மாவின் ஆட்கள் கத்தினார்கள். போட்டோக்காரர் தடுமாறி, பொத்தானை நோக்கிக் கையைக் கொண்டுபோனார்.

அம்மா திரும்பவில்லை, கரண்டியையும் இறக்கவில்லை. "ஏய், அந்த ஆளை நிறுத்த வேணாம்னு சொல்லுடி" என்றாள்.

மகளிடம்தான் சொன்னாள்.

ஓடிப்போய் அம்மாவின் கையைப் பிடித்து இழுத்திருக்கலாம். அவள் நின்ற இடத்தைவிட்டு அசையவில்லை.

"நிறுத்தாதீங்க சார்" என்றாள். "இன்னும் கிட்டப் போங்க."

அவர் போனார். திரை முழுக்கக் கீரையம்மாவின் முகம் தெரிந்தது. மூச்சு முட்டி, கண் பிதுங்கி, அப்போதும் அவள் வாயைத் திறக்கவில்லை.